மெயிலில் வரும் வைரஸிலிருந்து வீட்டுக் கணினியைக் காக்க எந்த வழி? ஓர் ஒப்பீடு

சித்தப்பாவின் கணினியில் ஆன்டிவைரஸ் இருந்தது. காசு கொடுத்து வாங்கியது, சந்தா முடிய இன்னும் ஆறு மாதம் மீதி. அப்படியிருந்தும் ஒருநாள் காலையில் பார்த்தால், அவருடைய ஃபைல்கள் எல்லாவற்றின் பெயருக்குப் பின்னாலும் புரியாத சில எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன. எதைத் தட்டினாலும் திறக்கவில்லை. பத்து வருடப் படங்கள், பாட்டி பேசியதைப் பதிவு செய்து வைத்திருந்த வீடியோக்கள், வரிக் கணக்கு எல்லாம் பூட்டப்பட்டுவிட்டன. பணம் கேட்கும் ஒரு குறிப்பு மட்டும்தான் திறந்தது.

முந்தின நாள் மாலை அவருக்கு ஒரு மெயில் வந்திருந்தது. நிலுவைத் தொகை பற்றிய கடிதம், கூடவே ஒரு ஜிப் ஃபைல், அதைத் திறக்கக் கடவுச்சொல்லும் மெயிலிலேயே எழுதியிருந்தது. கடவுச்சொல் போட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்றால் முக்கியமான விஷயமாகத்தான் இருக்கும் என்று நினைத்துத் திறந்திருக்கிறார். பேக்கப் எடுத்து வைத்திருந்த ஹார்ட் டிஸ்க் கணினியிலேயே செருகியிருந்ததால் அதில் இருந்த நகல்களும் சேர்ந்து போயின.

அதற்கப்புறம் எங்கள் குடும்பத்தில் இருக்கும் கணினிகளை ஒவ்வொன்றாக நான்தான் உட்கார்ந்து சரி செய்தேன். எல்லாரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: எந்த ஆன்டிவைரஸ் வாங்கலாம்? ஒவ்வொரு வழியையும் வைத்துப் பார்த்த பிறகு எனக்குப் பட்டது, அந்தக் கேள்வி கொஞ்சம் பின்னால் வர வேண்டியது. வந்த அட்டாச்மென்ட் எங்கே திறக்கிறது, உங்கள் கணினிக்குள்ளேயா அல்லது வெளியில் வேறொரு இடத்திலா என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் கிடைத்தால் மற்ற முடிவுகள் எளிதாகிவிடும்.

மெயில் வழியாக வைரஸ் எப்படி உள்ளே வருகிறது

இதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் எந்த வழி எதைத் தடுக்கும் என்று ஒப்பிட முடியும்.

1999 மார்ச்சில் வந்த மெலிஸா வைரஸ், ஒரு வேர்டு ஃபைலுக்குள் இருந்த மேக்ரோ. மேக்ரோ என்றால் ஆவணத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும் சிறு நிரல். ஃபைலைத் திறந்தவரின் அவுட்லுக் முகவரிப் பட்டியலில் முதல் 50 பேருக்கு அது தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது. அடுத்த வருடம், 2000 மே மாதத்தில், ஐ லவ் யூ என்ற தலைப்போடு வந்த மெயில் உலகத்தையே ஆட்டியது. காதல் கடிதம் என்று பெயர் வைத்த அந்த ஃபைல் பார்ப்பதற்குச் சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் போலத் தெரிந்தது. உண்மையில் பெயரின் கடைசியில் விபிஎஸ் என்ற இன்னொரு நீட்சி இருந்தது. நீட்சி என்றால் ஃபைல் என்ன வகை என்று காட்ட, பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகள்; விபிஎஸ் என்றால் தட்டினால் ஓடும் நிரல். விண்டோஸுக்குத் தனக்குத் தெரிந்த நீட்சிகளை மறைத்துக் காட்டும் பழக்கம் உள்ளது, அதனால் அந்தக் கடைசி மூன்று எழுத்து பலரின் கண்ணுக்குத் தெரியவே இல்லை. திறந்தவர்களின் கணினியில் இருந்த ஜேபெக் படங்களின் மேல் அது தன்னையே எழுதி அழித்தது. சித்தப்பாவின் படங்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அதுவும் நினைவுக்கு வரும்.

மெயிலைத் தொட்டாலே, முன்னோட்டத்தில் பார்த்தாலே வைரஸ் ஓடிய காலமும் உண்டு. 2001 இறுதியில் தொடங்கி 2002 முழுக்கப் பரவிய க்ளெஸ் அப்படிப்பட்டது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் இருந்த ஓர் ஓட்டையை அது பயன்படுத்தியது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 2001 மார்ச்சிலேயே, அதாவது க்ளெஸ் வருவதற்குப் பல மாதம் முன்பே வெளியிட்டுவிட்டது. அப்டேட் செய்தவர்களுக்கு முன்னோட்டத்தால் ஆபத்தில்லை, செய்யாதவர்கள் மாட்டினார்கள்.

இன்றைக்கு நிலைமை வேறு. ஒழுங்காக அப்டேட் ஆகும் கணினியில், பிரவுசரில் ஒரு மெயிலைத் திறந்து படிப்பதால் மட்டும் வைரஸ் வருவது மிக அபூர்வம். பெரும்பாலும் நம் கை ஒன்றைச் செய்தாக வேண்டும்: ஜிப்பைப் பிரித்து உள்ளே இருப்பதைத் தட்ட வேண்டும், வேர்டு அல்லது எக்செல் ஃபைலைத் திறந்து மேக்ரோவுக்கு அனுமதி கொடுக்க வேண்டும், அல்லது லிங்க்கைத் தொட்டு எதையோ டவுன்லோட் செய்து ஓட்ட வேண்டும். இந்த மூன்று வாசலில் எதை எந்தப் பாதுகாப்பு அடைக்கிறது என்பதுதான் இனி வரும் ஒப்பீடு முழுவதும்.

ஒன்றும் செய்யாமல் மெயில் சேவையை நம்புவது

இது பலரும் தெரியாமலேயே எடுத்திருக்கும் முடிவு. அவ்வளவு மோசமான முடிவும் இல்லை. பெரிய மெயில் சேவைகள் அட்டாச்மென்ட்டை நம் பெட்டிக்கு வருமுன்பே பரிசோதிக்கின்றன. ஜிமெயில் எக்ஸி ஃபைலை, அதாவது தட்டியதும் ஓடும் நிரலை, வாங்குவதே இல்லை, ஜிப்புக்குள் வைத்து அனுப்பினாலும் தடுக்கிறது. 2017 பிப்ரவரியிலிருந்து ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். 2000-இல் ஐ லவ் யூ பரவிய விதத்தில் இன்று ஒன்று பரவ நினைத்தால் இந்த வாசலிலேயே நின்றுவிடும்.

ஆனால் கடவுச்சொல் போட்ட ஜிப் இந்தப் பரிசோதனைக்கு எட்டாது. கடவுச்சொல் தெரியாமல் வடிகட்டியால் உள்ளே இருக்கும் ஃபைலைப் படித்துப் பார்க்க முடியாது. அதனால்தான் அனுப்புகிறவர்கள் பூட்டி அனுப்பி, சாவியையும் பக்கத்திலேயே வைக்கிறார்கள். ஈமோடெட் என்ற வைரஸ் கும்பல் 2020-இல் இதைப் பெரிய அளவில் செய்தது. அதைவிடக் கொடுமை, திருடிய மெயில்களை வைத்துக்கொண்டு, நீங்கள் ஏற்கெனவே ஒருவரோடு பேசிக்கொண்டிருந்த மெயில் தொடருக்கே பதில் போல எழுதுவார்கள். தலைப்பு உங்களுடையது, கீழே உங்கள் பழைய வரிகள், மேலே ஒரு புது வரியும் ஓர் அட்டாச்மென்ட்டும். தெரியாதவரின் மெயிலைத் திறக்காதே என்ற பழைய அறிவுரை இங்கே உதவாது. 2021 ஜனவரியில் பல நாட்டுப் போலீஸ் சேர்ந்து ஈமோடெட்டின் சர்வர்களைக் கைப்பற்றினார்கள், அந்த வருடம் நவம்பரிலேயே அது திரும்பி வந்தது.

லிங்க்குகளிலும் வடிகட்டி ஓரளவுக்குத்தான் உதவும். மெயில் வந்து சேரும்போது லிங்க் காட்டும் பக்கம் சுத்தமாக இருக்கலாம், ஒரு மணி நேரம் கழித்து அதே பக்கத்தில் வைரஸ் வைக்கலாம். ஸ்பாம் பெட்டியில் விழுந்ததை நாமே தோண்டி எடுத்தாலும் வடிகட்டியால் என்ன செய்ய முடியும்? இணைய இணைப்போடு சேர்த்துக் கிடைத்த பழைய மெயில் முகவரியையே இன்னமும் வைத்திருப்பவர்கள் ஒன்று செய்யலாம். அதன் வடிகட்டி பலவீனமாகத் தெரிந்தால், மெயிலைப் பெரிய சேவை ஒன்றுக்கு மாற்றிக்கொள்வதே எந்த ஆன்டிவைரஸையும்விட அதிகப் பலன் தரும்.

விண்டோஸோடு வருவதா, காசு கொடுத்து வாங்குவதா, இலவசமா

எல்லாரும் அதிக நேரம் செலவிடும் கேள்வி இது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டுக் கணினிக்கு விண்டோஸோடு வரும் டிஃபென்டர் போதும். வாங்குவதற்குக் காரணங்கள் உண்டு, ஆனால் விளம்பரத்தில் சொல்லும் காரணங்கள் இல்லை.

டிஃபென்டருக்கு ஒரு காலத்தில் கெட்ட பெயர் இருந்தது. 2010-களின் முற்பகுதியில் ஜெர்மனியின் ஏவி டெஸ்ட் போன்ற சோதனைக்கூடங்களில் மைக்ரோசாஃப்ட்டின் ஆன்டிவைரஸ் கடைசி வரிசையில்தான் இருக்கும். அந்தப் பெயரை வைத்தே இன்னமும் பலர் அதை ஒதுக்குகிறார்கள். இப்போது பல வருடங்களாக அதே கூடத்தின் சோதனைகளில் அது காசு வாங்கும் மென்பொருள்களுக்கு இணையாக முழு மதிப்பெண் பெற்று வருகிறது. தானாகவே அப்டேட் ஆகிறது, சந்தா முடிவது என்ற பேச்சே இல்லை. இந்தக் கடைசி விஷயத்தை நான் பெரிதாக நினைக்கிறேன். சந்தா முடிந்து, புதுப்பிக்காமல், பெயருக்கு மட்டும் மூலையில் உட்கார்ந்திருக்கும் ஆன்டிவைரஸை நான் சொந்தக்காரர்கள் கணினிகளில் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். இன்னொன்றை இன்ஸ்டால் செய்தவுடன் டிஃபென்டர் ஒதுங்கிக்கொள்ளும், அதனால் புதிதாக வந்தது செயலிழந்தால் கணினி பாதுகாப்பில்லாமல் கிடக்க வாய்ப்புண்டு. அப்படி ஒன்று உங்கள் கணினியில் இருந்தால் உடனே நீக்கிவிடுங்கள், டிஃபென்டர் திரும்பி வந்துவிட்டதா என்று விண்டோஸ் செக்யூரிட்டியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

காசு கொடுத்து வாங்கினால் கூடுதலாக என்ன கிடைக்கும்? போலி இணையப் பக்கங்களைத் தடுக்கும் வசதி எல்லா பிரவுசரிலும் வேலை செய்யும். டிஃபென்டரோடு இணைந்த ஸ்மார்ட்ஸ்கிரீன் தளத் தடுப்பு எட்ஜ் பிரவுசரில்தான் முழுசாக இருக்கிறது, குரோமுக்கும் ஃபயர்ஃபாக்ஸுக்கும் ஆபத்தான தளங்களைப் பற்றிய கூகுளின் பட்டியல் துணை இருப்பதால் அங்கேயும் பெரிய குறை இல்லை. பிரச்சினை என்றால் ஃபோனில் பேச ஆள் கிடைப்பார்கள். வீட்டில் ஐந்தாறு கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து கவனிக்க முடியும். வெளியூரில் தனியாக இருக்கும் பெற்றோருக்கு, நீங்கள் எப்போதும் ஃபோன் எடுக்க முடியாத சூழ்நிலையில், அந்த உதவி எண் ஒன்றுக்காகவே வாங்குவதை நான் தப்பென்று சொல்லமாட்டேன்.

மெயிலை மட்டும் தனியாகப் பரிசோதிக்கும் வசதி என்று சில ஆன்டிவைரஸ்கள் சொல்லும். அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. பிரவுசரில் மெயில் படிப்பவருக்கு அது பெரும்பாலும் வேலையே செய்யாது, மெயில் மென்பொருள் வைத்திருப்பவருக்கும் அட்டாச்மென்ட்டைச் சேமிக்கும்போதோ திறக்கும்போதோ சாதாரணப் பரிசோதனை எப்படியும் நடக்கும். தவிர, மறைகுறியாக்கப்பட்ட இணைப்புக்கு நடுவில் அது புகுந்து பார்க்க வேண்டியிருக்கிறது, அதனால் மெயில் வராமல் நிற்பது போன்ற தொல்லைகளும் வரும்.

வெளியிலிருந்து வரும் இலவச ஆன்டிவைரஸ்களை நான் பரிந்துரைப்பதில்லை. மேம்பட்ட பதிப்பை வாங்கச் சொல்லி அவை காட்டும் எச்சரிக்கைகள் வயதானவர்களைப் பயமுறுத்துகின்றன, எது உண்மையான எச்சரிக்கை, எது விளம்பரம் என்று பிரிக்கத் தெரியாமல் ஆகிவிடுகிறது. இன்னொரு கவலையும் இருக்கிறது. அவாஸ்ட் நிறுவனம் தன் பயனர்கள் எந்தெந்த இணையப் பக்கங்களுக்குப் போகிறார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது வெளியே வந்து, 2020 ஜனவரியில் அதை மூட வேண்டியதாயிற்று. அமெரிக்க வணிக ஆணையம் 2024-இல் அதற்காக 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. காக்க வேண்டியவரே நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தால் வருத்தமாகத்தான் இருக்கும்.

சரி, இவை எதுவாக இருந்தாலும் ஒரு வரம்பு பொது. இன்று காலையில் புதிதாக எழுதிய வைரஸை மதியத்துக்குள் எல்லா ஆன்டிவைரஸும் அறிந்திருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. சித்தப்பாவுக்கு நேர்ந்தது அதுதான். இரண்டு நாள் கழித்துப் பரிசோதித்தபோது அதே ஃபைலை அதே ஆன்டிவைரஸ் உடனே பிடித்தது.

பிரவுசரிலேயே திறப்பது, அல்லது கணினியில் இறக்கித் திறப்பது

நான் அதிகம் சொல்ல விரும்புவது இந்த இடத்தில்தான். மெயிலைப் பிரவுசரில் படிப்பவர்கள் அட்டாச்மென்ட்டை ஒரு தட்டுத் தட்டினால் முன்னோட்டம் திறக்கும். பக்கத்திலேயே டவுன்லோட் அம்புக்குறி இருக்கும். பார்க்க இரண்டும் ஒன்று போலத் தோன்றும், ஆனால் நடப்பது முற்றிலும் வேறு. முன்னோட்டத்தில், அந்த வேர்டு ஃபைலை மெயில் சேவையின் சர்வர் திறந்து, அதன் தோற்றத்தை மட்டும் நமக்குக் காட்டுகிறது. உள்ளே வேர்டு மேக்ரோ இருந்தால் அது அங்கே ஓடுவதில்லை. ஃபைல் நம் கணினியைத் தொடுவதே இல்லை. அம்புக்குறியைத் தட்டி இறக்கித் திறந்தால், நம் கணினியில், நம் பெயரில், நம் படங்களையெல்லாம் தொடும் உரிமையோடு அது திறக்கிறது.

மேக்ரோ ஆபத்தைக் குறைக்க மைக்ரோசாஃப்ட்டும் செய்திருக்கிறது. 2022-லிருந்து, இணையத்திலிருந்து வந்த ஃபைலில் உள்ள மேக்ரோவை விண்டோஸில் ஆஃபீஸ் தானாகவே தடுத்துவிடுகிறது. முன்பு மஞ்சள் பட்டையில் ஒரு பொத்தானைத் தட்டினால் ஓடிவிடும், இப்போது அப்படி முடியாது. இது பெரிய மாற்றம். உடனே எதிராளிகளும் பாதையை மாற்றினார்கள்: ஐஎஸ்ஓ ஃபைல் (ஒரு முழு டிஸ்க்கின் நகல்), ஷார்ட்கட் ஃபைல் (வேறொன்றைத் திறக்கும் குறுக்குவழி), 2023 தொடக்கத்தில் மைக்ரோசாஃப்ட்டின் குறிப்பேட்டு மென்பொருளான ஒன்நோட்டின் ஃபைல் என்று ஒவ்வொன்றாக முயன்றார்கள். ஒன்று அடைத்தால் இன்னொன்று திறக்கும் இந்தத் துரத்தலில், ஃபைல் என்ன வகை என்று கவலைப்படாமல் நிற்கக்கூடிய பழக்கம் முன்னோட்டம் ஒன்றுதான்.

இதில் இன்னொரு நன்மை, முன்னோட்டத்தில் திறக்காததே ஓர் எச்சரிக்கையாக அமைகிறது. உண்மையான ரசீது பெரும்பாலும் பிடிஎஃப்பாகவோ படமாகவோ இருக்கும், பிரவுசரில் திறக்கும். பூட்டிய ஜிப்போ, ஐஎஸ்ஓவோ, ஷார்ட்கட்டோ திறக்காது. அதனால் எங்கள் வீட்டில் இப்போது ஒரே ஒரு விதி: முன்னோட்டத்தில் தெரியாத எதையும் டவுன்லோட் செய்வதற்கு முன், அனுப்பியவரை ஃபோனில் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். மெயிலிலேயே பதில் கேட்டால் போதாது, ஏனென்றால் அவருடைய மெயில் பெட்டியே வேறொருவர் கையில் இருக்கலாம். வங்கிகள் பிறந்த தேதியைக் கடவுச்சொல்லாக வைத்து அனுப்பும் கணக்கு விவரம் போன்றவை விதிவிலக்கு, அவற்றுக்குக் கடவுச்சொல் மெயிலிலேயே எழுதியிருக்காது என்பதுதான் அடையாளம். அதிலும் சந்தேகம் வந்தால், வங்கியின் தளத்துக்கு நாமே முகவரி தட்டிப் போய் இறக்கிக்கொள்வது நல்லது.

குறை இல்லாமல் இல்லை. இணையம் இல்லாவிட்டால் பார்க்க முடியாது. பெரிய எக்செல் ஃபைல்கள் முன்னோட்டத்தில் சரியாகத் தெரிவதில்லை. முக்கியமாக, பிடிஎஃப்புக்குள் ஒரு லிங்க் இருந்து அதை நாம் தட்டினால் முன்னோட்டம் நம்மைக் காப்பாற்றாது. போலி லாகின் பக்கத்தில் கடவுச்சொல்லைக் கொடுத்துவிடுவதையும் இது தடுக்காது.

அவுட்லுக், தண்டர்பேர்டு போன்ற மெயில் மென்பொருள்களில் படிப்பவர்கள் அதை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பழைய மெயில்களை இணையம் இல்லாமலே தேடவும், பல முகவரிகளை ஒன்றாகப் பார்க்கவும் அவற்றுக்கு ஈடு இல்லை. ஆனால் அங்கே அட்டாச்மென்ட்டை இரண்டு முறை தட்டினால் அது நேராகக் கணினியில் திறந்துவிடும். அதனால் மென்பொருளில் மெயிலைப் படியுங்கள், சந்தேகமான அட்டாச்மென்ட்டை மட்டும் அதே முகவரியின் பிரவுசர் பக்கத்தில் போய்ப் பாருங்கள். கொஞ்சம் கூடுதல் வேலைதான்.

ஒருமுறை செய்துவிட்டால் போதும் என்கிற மாற்றங்கள்

இவை அதிகம் பேசப்படுவதில்லை, ஆனால் பத்து நிமிட வேலைக்கு நல்ல பலன். முதலாவது, ஃபைல் நீட்சிகளைக் காட்டச் சொல்வது. விண்டோஸ் 11-இல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் வியூ பட்டியலில் ஷோ என்பதற்குள் இருக்கிறது. ஐ லவ் யூ ஏமாற்றிய அதே தந்திரம் இன்னமும் பலிப்பதற்குக் காரணம் இந்த ஒரு தேர்வு மாறாமல் இருப்பதுதான்.

இரண்டாவது எனக்கு மிகவும் பிடித்தது. ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட்), விபிஎஸ் என்று முடியும் ஃபைல்களைத் திறந்தால் நோட்பேடில் திறக்கும்படி மாற்றிவிடுங்கள். வீட்டில் யாருக்கும் இந்த ஃபைல்களை ஓட்ட வேண்டிய தேவை வருவதில்லை. மாற்றிய பிறகு, யாராவது தவறிப்போய் அப்படி ஒன்றைத் தட்டினாலும் புரியாத எழுத்துகள் நிறைந்த ஒரு நோட்பேடு பக்கம் திறக்கும், அவ்வளவுதான்.

தினசரி வேலைக்கு அட்மின் உரிமை, அதாவது கணினி முழுவதையும் மாற்றும் உரிமை, இல்லாத கணக்கைப் பயன்படுத்தச் சொல்வார்கள். செய்யலாம், நல்லதுதான், வைரஸ் கணினி முழுக்க வேர்விடுவதை அது கடினமாக்கும். ஆனால் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸுக்கு அட்மின் உரிமை தேவையே இல்லை. உங்கள் படங்களை மாற்றும் உரிமை உங்கள் சாதாரணக் கணக்குக்கே இருக்கிறது, உங்கள் பெயரில் ஓடும் வைரஸுக்கும் அது கிடைத்துவிடும். இதற்கு நேரடியான தடுப்பு, டிஃபென்டருக்குள் இருக்கும் கன்ட்ரோல்டு ஃபோல்டர் அக்சஸ். அறிமுகமில்லாத மென்பொருள் எதுவும் டாக்குமென்ட், பிக்சர் போன்ற ஃபோல்டர்களில் கை வைக்கவிடாது. விண்டோஸ் 10-இல் 2017-இலேயே வந்துவிட்டது, ஆனால் நாமே போய் இயக்க வேண்டும். முதல் சில வாரங்கள் நல்ல மென்பொருள்களையும் அது தடுக்கும், ஒவ்வொன்றாக அனுமதி கொடுக்கப் பொறுமை வேண்டும். கணினியைத் தொடாத தூரத்தில் இருக்கும் உறவினருக்கு இதை இயக்கிவிட்டு வந்தால் தினமும் ஃபோன் வரும் என்பதையும் சொல்ல வேண்டும். டிஃபென்டரே முதன்மை ஆன்டிவைரஸாக இருந்தால்தான் இது வேலை செய்யும், வேறொன்றை வாங்குவதற்கு முன் இதையும் கணக்கில் வையுங்கள்.

வேறு கணினிக்கே மாறிவிடுவது

மேக், லினக்ஸ், குரோம்புக் என்று மாறினால் மெயிலில் வரும் பெரும்பாலான வைரஸ்கள் திறக்கவே திறக்காது, அவை விண்டோஸுக்காக எழுதப்பட்டவை. மெயில், வீடியோ, பில் கட்டுவது இவ்வளவுதான் வேலை என்பவர்களுக்கு, அதுவும் பழைய கணினியை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டவர்களுக்கு, குரோம்புக்கோ டேப்லெட்டோ மிக நல்ல முடிவு. விண்டோஸில்தான் ஓடும் கணக்கு மென்பொருள் ஒன்றை நம்பியிருப்பவர்களுக்கு இது ஒத்துவராது. இடைப்பட்ட வழி ஒன்றும் உண்டு: சந்தேகமான மெயிலை ஃபோனில் மட்டும் திறந்து பார்ப்பது. விண்டோஸ் வைரஸ் ஃபோனில் ஓடாது. எந்தக் கணினியில் திறந்தாலும் போலி லாகின் பக்கம் போலிப் பக்கம்தான் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

விண்டோஸ் 10-லேயே இருப்பவர்கள் தனியாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. நீட்டிப்புத் திட்டத்தில் சேராத கணினிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. க்ளெஸ் கதையில் திருத்தம் இருந்தும் போடாதவர்கள் மாட்டினார்கள், இங்கே திருத்தமே இருக்காது. எந்த ஆன்டிவைரஸ் வாங்கினாலும் அந்த இடத்தை அது நிரப்பாது. அந்தப் பணத்தை இயங்குதளத்தை மாற்றுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பேக்கப்: தடுப்பு இல்லை, ஆனால் இதை விட்டுவிட்டு எதையும் வாங்க வேண்டாம்

மேலே சொன்ன எல்லாமே வைரஸ் வராமல் தடுப்பதற்கு. வந்துவிட்டால் மிச்சம் வைப்பது பேக்கப் மட்டும்தான். இதிலும் இரண்டு தேர்வுகள். ஒன்று, கிளவுடில் தானாகச் சேமித்துக்கொண்டே இருப்பது. வசதி அதிகம், யாரும் நினைவு வைத்திருக்க வேண்டாம். ஆனால் கணினியில் ஃபைல் பூட்டப்பட்டால், அந்தப் பூட்டிய ஃபைலும் அப்படியே மேலே போய் நல்லதை மாற்றிவிடும். பழைய பதிப்புகளை வைத்திருக்கும் சேவையாக இருந்தால் திரும்பப் பெறலாம், அந்தப் பதிப்புகளை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று இப்போதே பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். இன்னொன்று வெளி ஹார்ட் டிஸ்க். நகல் எடுத்து முடித்ததும் கழற்றி வைத்தால் எந்த வைரஸும் அதைத் தொட முடியாது. கழற்ற மறந்தால் என்ன ஆகும் என்பதைச் சித்தப்பா வீட்டில் பார்த்தோம்.

இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், நானாக இருந்தால் கழற்றி வைக்கும் டிஸ்க்கைத் தேர்ந்தெடுப்பேன். மாதம் ஒருமுறை நகல் எடுக்கப் பழகாதவர் என்று தெரிந்தால் கிளவுடு. எடுக்காத நகலை விட, குறையுள்ள நகல் மேல்.

யாருக்கு எது

பிரவுசரில் மெயில் படித்து, எப்போதாவது ஓர் அட்டாச்மென்ட் பார்க்கும் வீட்டுக்கு: டிஃபென்டர், முன்னோட்டப் பழக்கம், நீட்சி காட்டுதல், கழற்றி வைக்கும் டிஸ்க். காசு செலவாவது டிஸ்க்குக்கு மட்டும்.

வீட்டிலிருந்து தொழில் செய்து, முன்பின் தெரியாதவர்களிடமிருந்து விண்ணப்பமும் விலைப்பட்டியலும் வாங்கிக்கொண்டிருப்பவர்களுக்கு, தெரியாதவர் அனுப்பியதைத் திறக்காதே என்று சொல்லி முடித்துவிட முடியாது, அவர்கள் தொழிலே அதுதான். இவர்களுக்குக் கன்ட்ரோல்டு ஃபோல்டர் அக்சஸை இயக்கும் சிரமம் நிச்சயம் தகும். விண்டோஸ் புரோ பதிப்பு வைத்திருந்தால் அதோடு வரும் விண்டோஸ் சேண்ட்பாக்ஸில் ஃபைலைத் திறக்கலாம், மூடியதும் உள்ளே நடந்த எல்லாம் அழிந்துவிடும். ஹோம் பதிப்பில் அது கிடையாது. சந்தேகமான ஃபைலை வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பல ஆன்டிவைரஸ்களின் கருத்தை ஒரே நேரத்தில் கேட்கும் வழியும் இருக்கிறது. ஆனால் அங்கே ஏற்றும் ஃபைல் பாதுகாப்பு நிறுவனங்களோடு பகிரப்படும், வாடிக்கையாளரின் அந்தரங்க ஆவணத்தை அங்கே போடாதீர்கள்.

வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டுக்கு, முடிந்தால் டேப்லெட் அல்லது குரோம்புக். விண்டோஸ்தான் வேண்டும் என்றால் நோட்பேடு மாற்றம், அட்மின் இல்லாத கணக்கு, தானாக ஓடும் கிளவுடு பேக்கப், கூடவே யாரைக் கூப்பிட வேண்டும் என்று கணினிப் பக்கத்தில் ஒட்டிய ஓர் எண். திறந்துவிட்டோமே என்று வெட்கப்பட்டு மறைப்பதால் நேரம் போகிறது, அந்த நேரத்தில்தான் சேதம் கூடுகிறது. திட்டமாட்டேன், உடனே கூப்பிடுங்கள் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன்.

அப்படிக் கூப்பிட்டால் நீங்கள் சொல்ல வேண்டியது இது: முதலில் வைஃபையை அணைக்க வேண்டும், செருகியிருக்கும் டிஸ்க்கைப் பிடுங்க வேண்டும். பிறகு வேறொரு சாதனத்திலிருந்து மெயில் கடவுச்சொல்லை மாற்றி, எல்லா இடத்திலும் லாகின் ஆகியிருப்பதை வெளியேற்ற வேண்டும். இந்த இரண்டாவது பாதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிரவுசரில் சேமித்த லாகின்களைத் திருடும் வைரஸ்களுக்குக் கடவுச்சொல் தேவைப்படாது, ஏற்கெனவே திறந்திருக்கும் கணக்கு போதும். வங்கி, அதன் பிறகு மற்ற கணக்குகள். கணினியை அதற்கப்புறம் நிதானமாகப் பார்க்கலாம்.

சித்தப்பாவின் கணினியில் இப்போது டிஃபென்டர் மட்டும்தான் இருக்கிறது. இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கிக் கொடுத்தேன், மாற்றி மாற்றி மாதம் ஒன்றில் நகல் எடுத்துவிட்டு அலமாரிக்குள் வைத்துவிடுகிறார். டிஸ்க்கின் மேல் தேதி எழுதிய சீட்டு ஒட்டியிருக்கும். போன வாரம் ஒரு ஜிப் வந்ததாம், முன்னோட்டத்தில் திறக்கவில்லை என்று எனக்கு ஃபோன் செய்தார். அனுப்பியவராகப் பெயர் போட்டிருந்த நண்பரைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவர் எதையும் அனுப்பவில்லை.